பாலத்தின் நடுவில் இரண்டு பேர்

பேரையூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இந்த நிமிடம்வரை நலம். என் போனுக்குப் பேசாதே. அது இப்போது என்னிடம் இல்லை. அதனால்தான் கடிதம்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பிளெமிஷ் ஓவியத்தின் அச்சுப்படத்தை பெல்ஜியத்திலிருந்து அனுப்பி, என்ன தோன்றுகிறது என்று கேட்டிருந்தாய். அமைதியான அறுவடைக் காட்சி என்கிறாராம் உங்கள் பேராசிரியர். அவர் ஒரு நாளாவது கதிர் அறுத்திருக்கிறாரா? முன்னால் பழுப்பு, நடுவில் பச்சை, தூரத்தில் நீலம் என்று கண்ணை இழுத்துக்கொண்டே போகிறான் ஓவியன். போய்ச் சேருகிற இடத்தில் வானம் கறுத்துக் கிடக்கிறது. மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. அறுத்த கதிர் மூடாமல் கிடந்தும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இது மழைக்கு முந்திய அரைமணி நேரம். அமைதி இல்லை அம்மா, பயம்.

இடது ஓரத்துப் பெரிய மரத்தடியில் மூன்று பேர். இளைப்பாறுகிறார்கள் என்றாள் உன் அம்மா. அவர்கள் கையில் அரிவாளும் இல்லை, கஞ்சிச் சட்டியும் இல்லை. மூவரும் நடுவில் ஆற்றின்மேல் போகிற பாலத்தையே பார்க்கிறார்கள் என்று காட்டினேன். அதன்பின் அவள் படத்தின் பக்கமே போவதில்லை.

உன் தம்பி அருண்பாண்டி ஊரைவிட்டுப் போய் ஆறு நாளாகிறது. நான் கூலிக்கு அறுத்த வயலுக்குச் சொந்தக்கார வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறான். நம் வீட்டெதிரே புளியமரத்தடியிலும் இப்போது அந்த வீட்டு ஆட்கள் மூன்று பேர் பைக்கோடு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவன், என் வயதில் பாதிகூட இல்லாதவன், என்னை அழகுமலை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கடா ஒளிச்சு வச்சிருக்க என்று கேட்டான். உன் தம்பி பேசுவான் என்றுதான் போனைப் பிடுங்கிப் போனான்.

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தாலும் என்னிடம் சொல்லிவிடாதே. என்னை அடித்தால் தாங்குவேன். உன் அம்மாவை அடித்தால் வாய்திறந்துவிடுவேன். இருபதாம் தேதி நீ ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டையும் ரத்து செய்துவிடு.

படத்தில் பாலத்தின் நடுவில் இரண்டு பேர் கைகோத்துப் போகிறார்கள், எறும்பளவுக்கு. வெளிச்சம் அக்கரையில்தான் விழுகிறது. தினமும் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். அதே இடத்திலேயே நிற்கிறார்கள்.

இதைத் தபாலில் சேர்ப்பவர் உனக்குப் பாடம் சொன்ன வாடிப்பட்டி மலையாண்டி சார். அவர் முகவரிக்கே ஒரு வரி போடு. எந்த ஊர், யார் வீடு எதுவும் வேண்டாம். அவர்கள் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று மட்டும் எழுது, தாயே.

உனக்கும் அவர்கள் இருவருக்கும் ஆசீர்வாதம்.

உன் அப்பா,
அழகுமலை