கிராம்பு மணக்கும் செங்கல்

காஜா பெராங், மலாக்கா
17 நவம்பர் 1957

அன்பு அத்தானுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் மகள் கோகிலாவும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா என்று முதலில் எழுதுங்கள். போன கடிதத்தில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லியே பக்கத்தை நிரப்பியிருந்தீர்கள். நெஞ்சைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த உறையின் மேல் உங்கள் பெயரை எழுதித் தருவது பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்காதான். தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுக்காரர், தமிழ் எழுத வராது, ரோமன் எழுத்தில் அழகாக எழுதுகிறார். புருஷன் பெயரை எழுத இத்தனை கூச்சமா என்று மலாயில் என்னைக் கேலி செய்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு செங்கல் சூளை முதலாளி கருணாகரன் வந்திருந்தார். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் பழையபடி சூளையில் நெருப்புப் பார்க்க வருவதாக நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்களாம். அதற்குப் பதிலாக நாம் கட்டப்போகும் வீட்டுக்கு வேண்டிய கல்லைத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டாராம். "அவரு வந்து நெருப்ப பாத்துக்கட்டும்மா, கல்லு தானா வீட்டுக்கு வந்துரும்" என்றார். கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குமேல் பேசியிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது.

எனக்கு உங்கள் மேல்தான் கோபம். இனிமேல் புகையில் நின்றால் இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் நம் இருவர் முன்னாலும் சொன்னார். அப்போது நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினீர்கள். நாலு சுவருக்காக உயிரைக் கொடுக்கக் கிளம்பினால் அந்தச் சுவருக்குள் நான் யாரோடு இருப்பது?

ஆகவே உங்களுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். வீட்டுச் சுவர் எழும்பிவிட்டது. அதில் ஒரு கல்கூடச் சூளையிலிருந்து வந்ததில்லை.

பண்டார் ஹிலிரில் மசாலா வியாபாரி ஷரீஃபுதீன் பாயின் பழைய சரக்குக் கிட்டங்கியை இடித்தார்கள். கல்லையெல்லாம் ஆற்றங்கரைப் பள்ளத்தில் கொட்டப் போவதாகக் கேள்விப்பட்டு நேரே போய்க் கேட்டேன். இடத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்தால் போதும், எடுத்துக்கொள் தங்கச்சி என்றார். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து, கொத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினாலே உதிர்ந்துவிடுகிறது. நானும் அக்காவும் நங்காப் பலா மரத்தடியில் உட்கார்ந்து தட்டினோம். கையில் கொப்புளம் வந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது.

கொத்தனார் பொன்னுதுரைதான் முரண்டு பிடித்தார். அடுத்தவர் கட்டடத்துக் கல் புது வீட்டுக்கு ஆகாது, அவர்கள் பட்ட கஷ்டமும் கூடவே வரும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அது யாரும் குடியிருந்த வீடு இல்லையே. அங்கே யாரும் அழவில்லை, யாரும் சாகவில்லை, கிராம்பும் ஜாதிக்காயும்தான் படுத்துக் கிடந்தன என்றேன். அவர் சுருட்டை அணைத்தார். பிறகு நனைய வைக்க முதல் கல்லைத் தண்ணீரில் போட்டார்.

அத்தான், அந்த வாசனையை எப்படி எழுதுவேன்! கல் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கக் கிராம்பு மணந்தது. வேலியோரம் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இப்போதும் மழை அடித்தால் சுவர் மணக்கிறது. கோகிலா மூக்கைச் சுவரில் வைத்தபடியே தூங்கிப் போகிறாள்.

சிமெண்டு வைக்கலாம் என்று கொத்தனார் சொன்னார். நான் சுண்ணாம்புதான் என்றேன். சிமெண்டில் ஒட்டிய கல்லைப் பிரித்தால் உடைந்துதான் போகும். நமக்குப் பிறகு யாருக்காவது இந்தக் கல் வேண்டியிருக்கலாம். கட்டி முடிக்கும் முன்பே இடிக்கக் கணக்குப் போடுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கல்லைத் தட்டும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கல்லைச் சுட என்றோ, முகத்துவாரத்துச் சேற்றில் வெட்டிய பாக்காவ் கட்டை எத்தனை படகு எரிந்ததோ. எந்தப் பெண்ணின் புருஷன் அந்த நெருப்பு முன்னால் நின்று இருமினானோ. எரிந்தது எரிந்துபோயிற்று, அந்த வேக்காடு இன்னும் கல்லுக்குள் இருக்கிறது. நமக்கென்று இன்னொரு நெருப்பு எதற்கு?

அன்று ஒரு கனவு. சூளையின் புகைக்கூண்டிலிருந்து போன புகையெல்லாம் வானத்திலிருந்து மெல்லத் திரும்பி வருகிறது. கூண்டுக்குள் இறங்கிக் கட்டையாகிறது, கட்டைகள் படகேறி முகத்துவாரத்துக்குப் போய்ச் சேற்றில் காலூன்றிப் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. கொக்குகள் வந்து உட்காருகின்றன. நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, இருமாமல், என்னைக் கூப்பிடுகிறீர்கள். விழித்த பிறகும் உங்கள் குரல் காதில் இருந்தது.

பிழைப்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஷரீஃபுதீன் பாய் புதிதாகக் கட்டுகிற மசாலாக் கடையில் உட்கார்ந்து சரக்குப் பார்க்க ஆள் வேண்டுமாம். உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்றார்.

கூரையும் போட்டாயிற்று. நிலைவாசல் மட்டும் வைக்கவில்லை. நிலை வைத்த பிறகுதான் சுவர் என்று பொன்னுதுரை இன்னும் முணுமுணுக்கிறார். நான்தான் இடம் விட்டுக் கட்டச் சொன்னேன். சாயங்காலம் கடல் காற்று அந்த வழியாக நுழைகிறது, சில நாள் அக்கா வீட்டுக் கோழியும். செங்கால் மரத்து நிலைக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். மஞ்சள் தடவி, நவதானியம் போட்டு, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பிடித்துத்தானே அதை நிறுத்த வேண்டும்?

கருணாகரனுக்கு வரமாட்டேன் என்று உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். டாக்டர் விடும்வரை அவசரப்பட வேண்டாம். தண்டாயுதபாணி உங்கள் கூடவே இருக்கட்டும். நிலையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுபக்கத்தைப் பிடிக்க, மூச்சோடு வந்து சேருங்கள் அத்தான்.

உங்கள்
சாரதாம்பாள்