இடது பக்கத்துப் புல்லாங்குழல்

இன்று காலை எழுந்ததும் பல் கூடத் துலக்காமல் ஒரு காரியம் செய்தேன். இயர்போனின் இடது முனையை மட்டும் என் இடது காதில் வைத்து, வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, நாம் ரயிலில் அதிகம் கேட்ட பாட்டைப் போட்டேன். சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வருகிறது. பதினோரு வருஷம் கேட்ட பாட்டு, அந்தக் குழலை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது இடது பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. பழைய ஒலிப்பதிவு, அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் உன் காதில் இருந்தது. கடைசி ஆறு வருஷம் ரயிலில் நீயும் அதைக் கேட்டிருக்க முடியாது என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

நாளை காது டெஸ்ட் வண்டி கம்பெனிக்கு வருகிறது. பட்டியலை நேற்று நான்தான் தட்டச்சு செய்தேன். பதினேழாவது பெயர் உன் மகள் கோமதி. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். நீ இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் கேட்க முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்று தோன்றியது.

நாம் பழகிய முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. மீஞ்சூரில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நீ தகடு அழுத்தும் பிரஸ் ஷாப், நான் ஹெச்.ஆர். அலுவலகம். கேன்டீனில் பார்த்த முகம், அவ்வளவுதான். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டாய். "உக்காருங்க மேடம். ஆபீஸ்காரங்களுக்குக் காத்து வேணும், எங்களுக்கு ஆயில் வாடையே பழகிப்போச்சு" என்றாய். கிண்டலா மரியாதையா என்று தெரியாமல் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஜன்னல் என்னுடையது, அதற்கு வலப்பக்கம் உன்னுடையது. ஒரு மாதத்தில் மேடம் போய் "இன்னாமே" வந்துவிட்டது.

எனக்கு ஒரு பாட்டு, உனக்கு ஒரு பாட்டு என்று ஆரம்பித்தோம். அது சண்டையில் முடிந்ததால் பொன்னேரியை எல்லையாக வைத்தோம். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை என் பாட்டு, பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை உன் பாட்டு. பொன்னேரியில் ரயில் சிக்னலுக்கு நின்றுவிட்டால் அந்த நேரம் யாருடையது என்று வாதாடுவோம். எனக்கு வீணையும் மெதுவான பழைய பாட்டுகளும். உனக்கு மேளம், கூத்துப்பாட்டு, பழவேற்காட்டில் உன் அம்மா வீட்டுப் பக்கம் படகுக்காரர்கள் போடுகிற தெலுங்குப் பாட்டு. என் வீணையைக் கேட்டு நீ சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நல்லாத்தான் கீது. ஆனா வலையப் போட்டுட்டு மீனுக்குக் காத்துக்கினு இருக்கிற மாதிரி கீது. எப்போதான் இழுப்பான்?"

ஒரே இயர்போன், இரண்டு முனை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தக் காது அருகில் இருக்கிறதோ அதில்தான் வைக்க முடியும். எனக்கு வலது காது, உனக்கு இடது காது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசித்திருக்க வேண்டிய விஷயங்கள் பல இருந்தன. கடைசி வருஷங்களில் என் பாட்டைப் பற்றி நீ அன்றே எதுவும் சொன்னதில்லை. இறங்கும்போது, "அத அனுப்புடி" என்பாய். மறுநாள்தான் பேச்சு வரும். "நேத்து போட்டியே, அதுல தபேலா மழ வர்றாப்புல தூரத்துல ஆரம்பிக்குது பாரு." நான் சிரிப்பேன். "நேத்துப் பாட்டப் பத்தி இன்னிக்கிப் பேசற. டியூப்லைட்டு." நீ சளைக்காமல் பதில் சொல்வாய்: "பாட்டும் ஊறணும்டி, மாங்கா ஊறுகா மாதிரி. உனுக்கு எல்லாம் அவசரம்."

உன் முறை வந்தபோது நீ பாட்டைக் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்த இடத்தில் எனக்குப் பிடிக்கிறது என்று பார்க்கிறாய் என்று நினைத்தேன். நான் பேசினால் உடம்பையே திருப்பி என் வாயைப் பார்த்துக் கேட்பாய். என் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதை உன் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்பும்தான், இல்லை என்று சொல்லவில்லை.

போன புதன்கிழமை கோமதி என்னுடன் வந்தாள். நீ போன பிறகு அவள் பிரஸ்ஸில் சேர்ந்தது உனக்குப் பிடித்திருக்காது. டிப்ளமோ படித்தவளை வேறு எங்கேயாவது வைக்கச் சொல்லியிருப்பாய். அவள்தான் பிடிவாதமாக, "அம்மா மிஷினு எனக்குத் தெரியும்" என்று அங்கே போனாள். வழக்கமாக அவள் வேறு ஷிப்ட். அன்று மாறி வந்தது. எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் இடது முனையை அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு வேணாம் ஆண்ட்டி" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கும் இந்தப் பக்கத்தத்தான் குடுத்துக்கினு இருந்தீங்க இல்ல? அம்மாவுக்கு அந்தக் காது கடசி ஆறு வருசமா சுத்தமா கேக்காதே" என்றாள்.

நீட்டிய முனையை மடியில் வைத்தேன்.

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க அனுப்புற பாட்ட ஊட்டுல சமைக்கிறப்போ வலது காதுல போன வெச்சுக்கினுதான் கேக்கும். நாளைக்கு உங்ககிட்ட சொல்லணும்னு எங்கிட்ட முதல்ல சொல்லிப் பார்க்கும். கடுகு தாளிக்கிறப்போ நான் சத்தம் போட்டா அடி விழும்."

அப்போதுதான் பிரஸ் ஷாப்பில் உங்கள் வேலைமுறை நினைவுக்கு வந்தது. ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். தகட்டை ஒருத்தி வைப்பாள், இன்னொருத்தி பெடலை மிதிப்பாள். மிதிப்பதற்கு முன் "கை!" என்று கத்த வேண்டும். கத்தல் கேட்கவில்லை என்றால் விரல் போகும். கம்பெனி கொடுத்த மஞ்சள் பஞ்சை இரண்டு காதிலும் அடைத்தால் கத்தல் கேட்காது. அதனால் தகடு வைக்கிறவள், கூட்டாளி நிற்கிற பக்கத்துக் காதை மட்டும் திறந்து வைப்பாள். உன் கூட்டாளி உனக்கு இடப்பக்கம். காது போன பிறகு அவள் காலைப் பார்த்தாயோ என்னவோ, பத்து விரலையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். இது சூப்பர்வைசருக்குத் தெரியும், எங்கள் அலுவலகத்துக்கும் அரைகுறையாகத் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை.

"டெஸ்ட்ல எப்படி?" என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் உன் பெயருக்கு நேரே 'இயல்பு' என்று பதிந்தவள் நான்.

கோமதிக்கு அது வேடிக்கைக் கதை. வண்டிக்குள் நாற்காலி கண்ணாடியைப் பார்த்துப் போட்டிருக்கும், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டெக்னீஷியன். அவர் ஒலியை விடும்போது பட்டனைத் தட்டுவார், தோள் லேசாக ஆடும். "அம்மா தோளப் பாத்து கை தூக்கும். ஊட்டுல வந்து அந்த ஆள் மாதிரியே ஒக்காந்து செஞ்சு காட்டும். வயிறு வலிக்கச் சிரிப்போம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதானே ஃபைலு வெக்கிறவங்க. சொன்னா நீங்க எழுதணும். எழுதிட்டா அம்மாவ பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க, பிரஸ் வேலைக்குக் குடுக்குற படி போயிடும். எழுதலன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. 'அவளுக்கு எதுக்கு இந்த பேஜாரு, பாட்டு கேட்டுக்கினு நிம்மதியா வரட்டும்'னு சொல்லும்."

கவரைப்பேட்டையில் கொய்யாப்பழக்காரி ஏறினாள். கோமதிக்கு இடப்பக்கம் நின்று, "பாப்பா, கொய்யா வேணுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். கோமதி திரும்பவில்லை. மூன்றாம் முறை அவள் தோளைத் தொட்டதும்தான் திரும்பி, "இன்னாக்கா?" என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படி இருக்கு கோமதி, காது?"

"எனக்கு இன்னா? நல்லாத்தான் கீது." கொய்யாவைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "டெஸ்ட்ட நெனச்சு கேக்குறீங்களா? அதெல்லாம் பாஸ்தான் ஆண்ட்டி. அதே ஆளுதான் வர்றாரு."

கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். உன் மீது எனக்குக் கோபம் வந்தது. என் நிம்மதியை என்னைக் கேட்காமலே நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஆறு வருஷம் ஒன்றும் கேட்காத முனையைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறாய். பிறகு யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உண்மையைச் சொல்கிறேன், 'இயல்பு' என்றுதான் போட்டிருப்பேன். உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அப்படிப் போட்டுவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைத்திருப்பேன். அதற்கு இடம் கொடுக்காமல் போனாய்.

கோமதிக்கு இருபத்துமூன்று வயது. அவள் இன்னும் நாற்பது வருஷம் பாட்டு கேட்க வேண்டும். இப்போது மாற்றினால் மீதி இருப்பதாவது நிற்கும் என்று டாக்டர் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. படி போகும், அது நிஜம். இடம் மாறுகிறவர்களுக்குப் படியைக் குறைக்கக் கூடாது என்று மேனேஜருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அவர் ஒப்புக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் கோமதி என்னுடன் பேசமாட்டாள். உன் மகள், உன் ரோஷம். உன் வீட்டிலிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது பாட்டுகள் இல்லை, அவை எல்லார் போனிலும் இருக்கின்றன. பேசுகிறவர் பக்கம் உடம்பைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. அலுவலகத்தில் யாராவது வந்து நின்றால் கணினியை விட்டுத் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். பலரும் சொல்ல வந்ததைவிடக் கொஞ்சம் கூடவே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நாளை காலை ஒரு ரயில் முன்னதாகப் போகிறேன். டெஸ்ட் வண்டிக்கு இடம் காட்டி, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. டெக்னீஷியன் டீ குடிக்கப் போவார். அந்த நேரத்தில் நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்துப் போடப்போகிறேன். அவர் திரும்பி வந்து கேட்டால், இனிமேல் இப்படித்தான் என்று சொல்வேன். பதினேழாவது பெயருக்கு மட்டுமில்லை, முதல் பெயரிலிருந்தே. இதை வீட்டில் சொல்லவில்லை, மேனேஜரிடம் சொல்லவில்லை, கோமதியிடமும் சொல்லவில்லை.