ஏழாம் மாதத்தில் நின்றவர்

அயவிரி, பெரு
3 ஜூன் 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய் பஸ்ஸில் வழக்கம்போல் பாலாடைக்கட்டி மூட்டை வரும். உங்கள் கையிலேயே பிறந்த பேத்தி நியேவெஸுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. தொண்டை உங்களுடையதுதான், ஊரையே கூட்டுகிறாள்.

உங்கள் மருமகன் எலெயூதேரியோவிடம் மட்டும் மாற்றமில்லை. கரியடுப்புப் புகை மூளையைக் கெடுத்த அன்றோடு அவருக்கு எல்லாம் நின்றுவிட்டது. பழையது அத்தனையும் நினைவிருக்கிறது. புதியது கால் மணி நேரம்கூடத் தங்குவதில்லை. அவர் கணக்கில் எனக்கு இன்னும் ஏழாம் மாதம். காலையில் என் வயிற்றைப் பார்த்துப் பதறுகிறார். குழந்தையை மடியில் வைத்த பிறகுதான் அடங்குகிறார். "எப்பப் பொறந்தா? நான் எங்க போயிருந்தேன்?" தினமும் இதே கேள்வி. வைத்தியர் சொன்னபடி, "இவள் நம் மகள்" என்று எழுதித் தொட்டிலில் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது அம்மா.

உங்கள் ஹிலாரியா

சிகுவானி
18 ஜூன்

மகளே,

குழந்தை என்னிடம் நன்றாக இருக்கிறாள். முதலில் மூச்சு விடு. திரும்பும் பஸ்ஸிலேயே இதை அனுப்புகிறேன். மூட்டை கொண்டுவரும் டிரைவர், "உங்க மருமகன் குடுத்தாரு, வழியெல்லாம் ஒரே கத்தல்" என்று இவளை என் மடியில் போட்டான். போர்வைக்குள் ஒரு சீட்டு:

"அத்தை, எங்கள் முற்றத்தில் இந்தக் குழந்தை கிடைத்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதி உங்கள் கையில் பிறந்தவை. தாய் யாரென்று உங்களுக்குத் தெரியும், சேர்த்துவிடுங்கள். பாவம், பெற்றவள் துடிப்பாள். ஹிலாரியாவிடம் சொல்லாதீர்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி, பயந்துவிடுவாள்."

எவ்வளவு நல்ல மனசு! அதுதான் எனக்குப் பயம். எதிர்வீட்டுக்காரி பால் கொடுக்கிறாள். இவளை இனி அங்கே அனுப்பமாட்டேன். அவனை அவன் அக்காளிடம் விட்டுவிட்டு நீ வந்துவிடு.

அம்மா காசிமிரா

அயவிரி
2 ஜூலை

அம்மா,

நான்கு வீடு தள்ளி ரொட்டி வாங்கத்தான் போனேன். நியேவெஸ் அழுதிருக்கிறாள். இவர் முற்றத்துக்குத் தூக்கிவந்து தட்டிக்கொடுத்திருக்கிறார். நான் எழுதி மாட்டியது உள்ளே தொட்டிலில் இருந்தது. உங்கள் கடிதம் வரும்வரை தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினேன். இவரும் என்னோடு ஓடி, "யாரைத் தேடுற? சொல்லு, நானும் தேடுறேன்" என்றார்.

இப்போது காலையில் மடியில் வைக்க ஒன்றுமில்லை. "எங்கம்மாகிட்ட இருக்கா" என்றால் நம்புவதில்லை. "செத்துப்போச்சா? மறைக்காத ஹிலாரியா!" என்று கதறுகிறார். மறக்கிறார். மறுபடி என் வயிற்றைப் பார்க்கிறார். இவரை இப்படி விட்டுவிட்டு வர என்னால் முடியாது. அவளை இங்கே கொண்டுவரவும் பயம்.

எனக்குப் பால் நின்றுவிட்டது. அவள் பேசத் தொடங்கும்போது உங்களையே அம்மா என்று கூப்பிடட்டும்.

ஹிலாரியா