வாழ்த்து வேறு, சம்மதம் வேறு

அன்பு மகன் எல்தியாருக்கு,

உன் ஆய்வகத்து ஆட்கள் அப்பாவின் வாழ்த்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் சுகம், சூரிச்சில் குளிர் எப்படி, உன் இருமல் நின்றதா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், கை இதற்குத்தான் போகிறது. இங்கே பிஷ்கெக் மருத்துவமனை டாக்டரோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள், ரொட்டி பிய்க்காமல் யாரையாவது அனுப்ப முடியுமா, தேநீர் ஊற்றினேன். அப்பாவின் இரத்தக் குழாயில் மருந்து பூசிய கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளை விட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் திருப்பித் திருப்பி ஈரல் கட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்றார்கள், நீ அங்கே செய்கிற அதே வேலை. அவர்கள் எழுந்ததும், எந்த விருந்தாளிக்கும் செய்வதுபோல அப்பா உள்ளங்கைகளை ஏந்தி, உங்க வழி திறக்கட்டும், எடுத்த காரியம் ஜெயிக்கட்டும் என்று பாதா வாழ்த்துச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் வெளியூர்க்காரன், நோயாளி ஒப்புக்கொண்டார் என்று சொல்லிவிட்டான். இப்போது படுக்கை தயார், திங்களன்று வாருங்கள் என்கிறார்கள். அப்பா சிரிக்கிறார், ஏ கிழவி, மின்சாரக் கணக்கெடுக்க வந்தவனுக்கும் இதையேதான் சொன்னேன், அவன் என் வயித்துல கம்பி இழுக்கலையே என்கிறார். சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொள்கிறார்.

டாக்டரைக் கூப்பிட்டு, இதை முன்னால் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஆட்டுக்குப் போட்டாங்க அக்கா, நல்லாப் போச்சு என்றார். ஆட்டுக்கு அடுத்து நாங்களா, நடுவுல சூரிச்சுக்காரன் ஒருத்தனுக்கும் ஈரலே இல்லையா என்றேன். அங்க அனுமதி கிடைக்க வருஷக்கணக்காகும் அக்கா என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல். நான் டிராலிபஸ் ஓட்டினவள். வண்டி மோதினால் ஓட்டுகிறவளுக்கும் அடிபடும். உங்கள் காந்த வண்டியை ஓட்டுகிறவன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். திங்களன்று அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், நல்ல வாய்ப்பைக் கெடுக்கறீங்க என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். எடுக்கட்டும்.

ஆனால் அப்பா, பையன் சொன்னா போறேன், இல்லாட்டி இல்ல என்கிறார். போன கோடையில் நீதானே சொன்னாய், தண்ணியில அந்தத் துகள் சொன்ன பேச்சு கேக்குதும்மா, ரத்தம் ஓடுறப்போ ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டை பிடிச்சுடுது என்று. அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை, என் அழைப்பையும் எடுப்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, காலுக்குக் கம்பளி போடு, நீண்ட ஆயுளோடு தலைநிமிர்ந்து வாழ். உன் பேராசிரியர் சொன்னது எனக்கு வேண்டாம். உன் அப்பாவுக்கு அதைப் போடலாமா, கூடாதா? நீ சொல்.

உன் அம்மா
சல்தனத்