அந்த அம்மாள் காலடியில்

ரங்கூன், 1926 ஆவணி, சனிக்கிழமை

வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்த பழைய அச்சுப்படத்தை, மாதா படம்தானே, கிறிஸ்தவர் யாராவது வாங்குவார் என்று லான்மடாவ் தெருவில் என் கடை வாசலில் மாட்டினேன். படத்திலிருந்த அம்மாள் கையிலிருந்த சிலுவையைத்தான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

பக்கத்துப் பூக்கடை மா சேன் பார்த்துவிட்டாள்.

"முதலாளி, இந்த அம்மா யார் தலைய மிதிக்குது?"

காலடியில் உடைந்த சிலையின் தலை ஒன்று கிடந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அது சாத்தான்மா."

"சாத்தான் கண்ண மூடிக்கிட்டு சிரிக்குமா? எங்க புத்தர் மாதிரில்ல இருக்கு!"

செருப்போடு பகோடா என்கிற புத்தர் கோயில் ஏறினாலே வெட்டு விழும் ஊர். அவள் நாலு பேரிடம் சொன்னால் கடை தப்பாது. படத்தைக் கழற்றிவிட்டேன். கொளுத்தலாமென்றால் சிலுவை இருக்கிறது; துரைமாருக்கு யார் பதில் சொல்வது?

தெருவில் யாரோ பர்மியத்தில் பேசிக்கொண்டு போகிறார்கள். என் கடைப் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது.