நான் நின்ற தூரம்

நேற்று கட்கி மைதானத்தில் ஏதோ ஒரு கிரிக்கெட் மேட்ச். வேகப்பந்து வீசியவர் களைத்துவிட்டார் போலும். கீப்பர் யாரையும் கேட்காமல் இரண்டடி முன்னால் வந்து நின்றார். அவ்வளவுதான், காய்கறிப் பையோடு வேலியோரம் அப்படியே நின்றுவிட்டேன். நீ இறந்துபோய் ஒரு வருஷமாகிறது. உன்னோடு எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை.

போபோடியில் ஒரே சந்தில் வளர்ந்து, மாநில அணி வரை சேர்ந்தே போனோம். நீ வீச, நான் பிடிக்க. "உள்ள கொண்டு வா, அவனுக்குக் கால் நகரல" என்று நான் தமிழில் கத்துவேன், தமிழ் தெரியாத பேட்ஸ்மேன் விழிப்பான், ஸ்டம்ப் பறக்கும். அந்த நாட்களில் உன் பந்து நெஞ்சுயரத்தில் வந்து அறையும். சாயங்காலம் என் விரல்கள் மடங்காது. உன்னைத் திட்டிக்கொண்டே அம்மா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள்.

பிறகு உன் முழங்காலில் ஆபரேஷன். ஒரு சீசன் வீட்டில் கிடந்துவிட்டு வந்தாய். பெருவிரல் இடிக்காமல் இருக்க இடது ஷூவில் ஓட்டை வெட்டிக்கொண்டு பழையபடியே ஓடி வந்தாய். பந்துதான் பழையபடி வரவில்லை. திரும்பி வந்து ஆடிய முதல் மேட்ச்சில் தேறினால்தான் உனக்கு அணியில் இடம். தேர்வுக்குழுவினர் கீப்பர் எங்கே நிற்கிறான் என்பதை வைத்தே வேகத்தை எடைபோடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஸ்டம்புக்கு வெகு பின்னால் இருந்த பழைய இடத்தை விட்டு நான் அசையவில்லை. கணுக்காலருகே தவழ்ந்து வந்த பந்துகளைப் பிடித்துவிட்டு, வலிப்பதுபோல் கையை உதறிக்கூடக் காட்டினேன்.

மதியத்துக்குப் பின் அவர்களுடைய சிறந்த பேட்ஸ்மேனின் மட்டை விளிம்பில் உன் பந்து பட்டது. எனக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. முன்னால் நின்றிருந்தால் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

நீ நேராக என்னிடம் நடந்து வந்தாய். "அரே, என் வேகம் எனக்குத் தெரியாதாடா? முன்னால வந்து நில்லு. இருக்கிறத வச்சு விக்கெட் எடுப்போம்" என்றாய். வந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் விளிம்பில் எதுவும் படவில்லை. அந்த பேட்ஸ்மேன் சதம் அடித்தான். அடுத்த பட்டியலில் உன் பெயர் இல்லை.

கோந்த்வாவில் உன் வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் விளையாட்டை விட்டாய் என்று கேட்பார்கள். "முட்டி போச்சு" என்பாய், நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாளாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

உன்னைக் காப்பாற்றத்தான் பின்னால் நின்றேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். வேகம் போன பிறகும் நீ விக்கெட் எடுப்பாய் என்று நான் நம்பவில்லை. அன்று அந்த மைதானத்தில் அதை நம்பியவன் நீ ஒருவன்தான்.