இடப்பக்கம் நிற்பவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருப்பது நிம்மதி. அதற்காக மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. "புளியங்கொம்பாப் பிடிச்சிட்டேடி" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. சித்திக்கும் சொல்லியாயிற்றாம். போய், இந்தக் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிடு. ஏனென்று எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

அவன் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கூலிக்கு வந்தவன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புதுசு என்று கூப்பிட்டோம். ஓட்டல் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து எதிரெதிரே நடந்து வர வேண்டும். அவன் ஒவ்வொரு தடவையும் தப்பான முனையைப் பிடிப்பான். நான் சிரிப்பேன். சிரித்தே மாட்டிக்கொண்டேன்.

சாப்பிடவில்லை என்பான். என் டிபன் பாக்ஸில் பாதியைக் கொடுப்பேன். அவன் வீட்டில் நாய்க்கே தனிச் சமையலாம், இப்போது தெரிகிறது. ஒருநாள் வெள்ளைத் துணியோடு சிவப்புத் துண்டைப் போட்டு நாற்பது விரிப்பைச் சாயமாக்கிவிட்டான். பாவம், வேலை போய்விடுமே என்று பழியை நான் ஏற்றுக்கொண்டேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருக்கிறது என்றுகூட நினைத்தேன். நீராவியாக இருக்கும்.

பெரியக்காவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள், காய்ச்சலில் பத்து நாள் கஞ்சி ஊற்றியவள். விரிப்பைத் தேய்க்கிற சூடான உருளையில் துணி நுழைப்பது அவள் வேலை. அவளுக்கு இடது கண் தெரியாது. விஷயம் மேலே தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஆறு வருஷமாக அவள் இடப்பக்கத்தில் நான் நின்றேன். கை உருளைப் பக்கம் போனால் முழங்கையால் இடிப்பேன். ஏன் எப்போதும் அந்தப் பக்கமே நிற்கிறாய் என்று அவன் ஆசையாகக் கேட்டான். சொல்லிவிட்டேன்.

போன திங்கட்கிழமை எல்லோரையும் முற்றத்தில் கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்டு வந்து நின்றான். தானே முதலாளியாம், தொழிலாளிகளைப் புரிந்துகொள்ள வந்தானாம், வந்த இடத்தில் துணையும் கிடைத்ததாம். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்டு நானும் தட்டினேன்.

மறுநாள் பெரியக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அவன் அறைக்கு ஓடினேன். "கை போயிருந்தா யார் பதில் சொல்றது? நீயே யோசிச்சுப் பாரு" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது அம்மா, அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே எத்தனையோ உண்டு. அது அவனுக்குத் தோன்றவில்லை. என்னைச் சமாதானப்படுத்த ஒரு நோட்டை எடுத்துப் பெருமையாகக் காட்டினான். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம். பெரியக்கா பக்கத்தில், 'இடது கண் தெரியாது.' என் பக்கத்தில், 'பிறருக்காகப் பொய் சொல்வாள். நம்பலாம்.' தேதி போட்டிருந்தான். என்னைப் பிடித்திருக்கிறது என்று அவன் சொன்ன அதே நாள்.

அவன் பிடித்த கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். தூ, அவனை நினைத்தா, என்னை நினைத்தா என்று தெரியவில்லை.

அவன் அனுப்பிய பெட்டியைப் பிரித்திருந்தால் மறுபடி கட்டி, அதை வாங்க அவன் கார் டிரைவர் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடு. அவனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். பெரியக்காவும் வருகிறாள், அவளுக்குப் போக்கிடம் இல்லை. முன்னறையில் அவளுக்குப் படுக்கை போட்டு வை. ரயிலிலும் அவள் இடப்பக்கம்தான் உட்காருவேன்.

ஒன்றே ஒன்று, அம்மா. "உன் கண்ணு விஷயத்தை யாரு சொன்னது?" என்று பெரியக்காவிடம் கேட்டுவிடாதே. "எனக்காக நீ வேலையை விட்டாயே" என்று அவள் என் தலையைத் தடவுகிறாள். இன்றும் தடவினாள். நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும்போது நீ பக்கத்தில் இரு.

உன் மகள்